அச்சமும் நகையும்: பேய் நகைச்சுவைப் படமும் திருகோணமலைத் துறைமுகமும்

தமிழ்த் திரைப்படத்தில் பேயைக் காட்டாமலே பேயச்சத்தை நகைப்பொருளாக்கிய காட்சி என ஒன்றைச் சுட்ட வேண்டுமாயின், 1964ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளிவந்த சி. வி. ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' என்னும் படத்திலுள்ள கதை சொல்லும் காட்சியையே முதலிற் சுட்டுதல் பொருந்தும். படம் எடுக்கப் போவதாகச் சொல்லித் திரியும் செல்லப்பா, பணமுடைய தன் தந்தை விசுவநாதனை இருத்தி வைத்துத் தான் எடுக்கவிருக்கும் படத்தின் கதையைச் சொல்லுகின்றான். செல்லப்பாவாக நாகேஷும் விசுவநாதனாக ரி. எஸ். பாலையாவும் நடித்தனர். திரையிற் பேயில்லை, சுடுகாடில்லை, புகைமண்டலமும் இல்லை. நாகேஷின் குரலும் கைகளும் அவர் வாயாலேயே எழுப்பும் ஓசைகளும், அவற்றைக் கேட்டுச் சிறிது சிறிதாக உருமாறும் பாலையாவின் முகமுமே உள்ளன. அறுபதாண்டுகள் கழிந்த பின்பும் அக்காட்சி பழையதாகவில்லை. அப்படம் இந்தியில் 'பியார் கியே ஜா' என 1966இல் எடுக்கப்பட்டபோது அதே காட்சியை மெஹ்மூத் நடித்துப் பெரும் புகழ் பெற்றார். மொழி மாறியும் நடிகர் மாறியும் நகை குன்றவில்லை என்பது கருதத்தக்கது.

பேய்ப்படங்களையும் அவற்றோடொட்டிய நகைச்சுவைப் படங்களையும் மூடநம்பிக்கையை வளர்ப்பன என்றும், உழைக்கும் மக்களின் கவனத்தை அவர்தம் உண்மை வாழ்க்கையினின்றும் திருப்புவன என்றும் ஒதுக்கிவிடும் போக்கு ஈழத்துத் திறனாய்வில் நெடுங்காலமாக உண்டு. இக்குற்றச்சாட்டை முற்றிலும் பொய்யெனத் தள்ளுதல் இயலாது. ஆயினும், ஒரு கலைவடிவம் தலைமுறை தலைமுறையாக மக்களைக் கவருகின்றதெனின், அக்கவர்ச்சிக்குரிய வரலாற்றுக் காரணம் யாதென வினவாது தீர்ப்புக் கூறுதல் முறையாகாது. அவ்வினாவைப் பொதுவாக எழுப்புவதிலும், இறந்தோரின் நினைவு நிலத்தோடும் நீரோடும் நெருங்கப் பிணைந்துள்ள ஓர் ஊரை முன்னிறுத்தி எழுப்புவது பயனுடையது. திருகோணமலை அத்தகையதோர் ஊர்.

முதலில் இலக்கண மரபு கூறுவதை நோக்கலாம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினையும், அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கினையும் வகுத்துள்ளார். பேயும் பூதமும் அணங்கினுள் அடங்கும் என்பர் உரையாசிரியர். இவ்விரு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பின் பேய் நகைச்சுவையின் இயல்பு ஒருவாறு புலனாகும். அச்சத்தின் பொருள் அணங்கு. நகையின் பொருளோ அவ்வணங்கன்று, அஞ்சுபவனின் பேதைமையே. சொல்லப்பட்டதை ஆராயாது மெய்யெனக் கொள்ளும் செல்வர் ஒருவரைப் பார்த்துப் பிறர் நகைக்கின்றனர். அவர் செல்வர் என்பதும், வீட்டில் யாவரையும் அடக்கி வைத்திருப்பவர் என்பதும் அந்நகையைப் பெருக்குகின்றன. தோட்டக்காரனோ வேலைக்காரியோ அதே கதைக்கு அஞ்சியிருப்பின் நகை இத்துணை நீண்டிராது.

அச்சத்துக்குரிய நான்கினுள் இறையும் ஒன்றென்பதை ஈண்டு மனத்திருத்துதல் வேண்டும். பின்னர் அது தேவைப்படும்.

தமிழிலக்கியத்திற் பேயும் நகையும் ஒன்றாக வருவது திரைப்படத்தோடு தொடங்கியதன்று. முதலாங் குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப் போரைப் பாடிய செயங்கொண்டார், கலிங்கத்துப்பரணியிற் போர்க்களத்தைவிடப் பேய்களுக்கே மிகுந்த இடமளித்துள்ளார் எனலாம். பசியால் வாடிய பேய்கள், கூழட்டு ஒன்றற்கொன்று பரிமாறும் பேய்கள், பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் என மனிதச் சமுதாயமே அங்குப் பேயுருக் கொண்டு பந்தியிருக்கின்றது. அந்நூலில் இந்திரசாலம் என்னும் பகுதி குறிப்பாக நோக்கற்பாலது. இமயத்தில் மாயவித்தை கற்று மீண்ட முதுபேய் ஒன்று காளியின் முன்னிலையில் இல்லாத பிணங்களையும் இல்லாத குருதியாற்றையும் உள்ளனபோற் காட்டுகின்றது. பசித்த பேய்கள் அவற்றை மெய்யென நம்பி ஓடி விழுந்து அள்ளி, வெறுங்கையும் வெறுவாயுமாய் ஏமாறுகின்றன. மாயத்தோற்றத்தை மெய்யென நம்பி ஏமாறும் கூட்டம், அதனைக் கண்டு நகைக்கும் மற்றொரு கூட்டம் என்னும் இவ்வமைப்பைத் திரைப்படக் கொட்டகையை அறிந்த எவரும் எளிதில் இனங்காண்பர். செயங்கொண்டாரின் பேய்கள் தமிழின் முதலாவது திரைப்பட இரசிகர்கள் என்று கூறின் அது மிகையாயினும் தவறாகாது.

இனித் துறைமுகத்துக்கு வருவோம். கோணேசர் கோயில் அமைந்த மலைமுனையிலே தொன்மையான ஆலயம் 1624இல் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டு, அதன் கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன. அக்கோட்டை ஒல்லாந்தர் கைக்கும் பின்னர் பிரித்தானியர் கைக்கும் மாறியது. அம்முனையில் நிற்கும் ஒல்லாந்தர் காலத்துத் தூணொன்றில் பிரான்சினா வான் றீட் என்னும் பெண்ணின் பெயரும் 1687ஆம் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. காதலன் கப்பலேறிச் செல்வதைக் கண்டு அப்பெண் உச்சியிலிருந்து கடலிற் குதித்து மாண்டாள் என்னும் கதை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில நூல்கள்வழி பரவி, இன்றும் சுற்றுலா வருவோர்க்குச் சொல்லப்படுகின்றது. ஆனால் ஒல்லாந்த ஆவணங்களை ஆராய்ந்தோர், அப்பெண் அதன் பின்பும் பல்லாண்டு உயிரோடிருந்து மணமும் செய்துகொண்டாள் எனக் காட்டியுள்ளனர். துறைமுகத்தின் புகழ்பெற்ற துன்பக்கதை இவ்வாறு வரலாற்றின் கையில் நகைச்சுவையாய் முடிகின்றது. எனினும் கதை சாகவில்லை. பிரான்சினா மணஞ்செய்து வாழ்ந்தாள் என்பதிலும் குதித்து மாண்டாள் என்பதே கேட்போர்க்கு இனிக்கின்றது.

ஊருக்குச் சற்று வெளியே உள்ள கன்னியா வெந்நீரூற்றுக்கள் ஏழும், இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக வாளால் நிலத்தில் ஊன்றிய இடங்களிற் பெருகியன என்பது ஐதிகம். இறந்தோர்க்குரிய அந்தியேட்டிக் கிரியைகளை அங்குச் செய்யும் வழக்கம் இவ்வைதிகத்தோடு இணைந்தது. ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தோர் கடலில் தீர்த்தமாடி விரதமிருப்பர். கத்தோலிக்க மக்கள் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளிற் சுடரேற்றுவர். மேனாட்டார் கொண்டாடும் ஹலோவீன் என்பதும் இந்நாளோடு தொடர்புடையதே. சகல பரிசுத்தவான்கள் திருநாளுக்கு முன்னிரவாகிய ஒக்ரோபர் 31ஆம் நாள் மாலையே அது. கெல்ற்றிய மக்களின் பழைய அறுவடைமுடிவு விழாவொன்று கிறித்தவத் திருநாளோடு கலந்து, அயர்லாந்திலிருந்தும் ஸ்கொத்லாந்திலிருந்தும் குடியேறியோர்வழி அமெரிக்கா சென்று, அங்குச் சிறுவர் பேய்வேடம் புனைந்து வீடுவீடாக இனிப்புக் கேட்கும் நாளாயிற்று. திருகோணமலையில் ஹலோவீன் இல்லை. ஆனால் இறந்தோர் ஆண்டுக்கொருமுறை அண்மிக்கின்றனர் என்னும் உணர்வு அங்கு மூன்று நான்கு வழிகளில் உண்டு. வேறுபாடு யாதெனின், அமெரிக்கச் சிறுவர் அந்நாளிற் சிரிக்கலாம். ஆடி அமாவாசையில் யாரும் சிரிப்பதில்லை. இறந்தோரைப் பற்றிய நகைக்குத் தமிழர் வழக்கிற் சடங்கில் இடமில்லாமையால் அது கூத்துக்கும் கதைக்கும் பின்னர் திரைப்படத்துக்கும் சென்றது எனக் கருத இடமுண்டு.

ஹலோவீன் நகைச்சுவைப் படங்களுள் முதன்மையான ஒன்று துறைமுகத்தின் வரலாற்றோடு விந்தையான முறையில் உடன்நிகழ்ந்தது. ஃபிராங் கப்ரா இயக்கிய 'ஆர்செனிக் அன்ட் ஓல்ட் லேஸ்' என்னும் படம், புரூக்லின் நகரில் ஒரு ஹலோவீன் நாளில் நிகழ்வது. அன்பே உருவான இரு முதிய சகோதரிகள், துணையற்ற முதியவர்களுக்கு இரக்கங்கொண்டு நஞ்சு கலந்த மது கொடுத்துக் கொன்று நிலவறையிற் புதைத்து வருகின்றனர் என்பதை அவர்தம் மருமகன் தன் திருமண நாளிற் கண்டறிகின்றான். இக்கொடிய கதை முழுவதும் நகைச்சுவையாகவே செல்கின்றது. 1941ஆம் ஆண்டின் இறுதியில் அதன் படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கையிலேயே நகுமோவின் யப்பானியக் கடற்படை பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. அதே நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்கள் 1942 ஏப்பிரல் 5இல் கொழும்பையும் ஏப்பிரல் 9இல் திருகோணமலையையும் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கி முந்நூறுக்கு மேற்பட்ட உயிர்களோடு மூழ்கிற்று. படமோ, அதன் மூலமான மேடை நாடகம் நியூயோர்க்கில் தொடர்ந்து ஓடியமையால் 1944 செத்தெம்பர் வரை பொதுமக்களுக்கு வெளிவரவில்லை. ஆனால் அதற்கு முன்பே கடல்கடந்த முகாம்களிற் படையினருக்குக் காட்டப்பட்டது. நாள்தோறும் சாவைக் கண்ட படையினர் நிலவறைப் பிணங்களைப் பற்றிய நகைச்சுவையைச் சுவைத்தனர் என்பது முரணாகத் தோன்றலாம். நெடுநாள் நிலைத்த பேய் நகைச்சுவைகள் பலவும் இம்முரணின் மீதே எழுந்துள்ளன. நிலாவெளி வீதியிலுள்ள போர்மயானத்தில் உறங்குவோர் அத்தலைமுறையினரே.

1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்துச் சென்றனர். தளத்தை நம்பி வாழ்ந்த தொழிலாளர், கடைக்காரர், எழுதுவினைஞர் ஆகியோரின் நகரமாகிய திருகோணமலையிற் கடற்படைத் தலைவன் நெல்சனின் பெயர் ஒரு திரையரங்கின் பெயராக எஞ்சியது. நெல்சன் இளைஞனாகக் கப்பலில் வந்து இத்துறைமுகத்தைக் கண்டு வியந்தான் என்பர். அவன் பெயர்கொண்ட அரங்கிலே தமிழ்ப் படங்கள் ஓடின என்பது குடியேற்ற வரலாறு விட்டுச்சென்ற சிறுசிறு வேடிக்கைகளுள் ஒன்று.

அறுபதுகளின் தமிழ்ப் படங்களிற் பேய் பெரும்பாலும் பொய். 'யார் நீ' (1966) போன்ற படங்களில் வெள்ளுடை தரித்துப் பாடி வரும் பெண் இறுதியில் மனிதப் பிறவியாகவே வெளிப்படுவாள், சதி ஒன்று அவிழும், காவற்றுறை வரும். 'காதலிக்க நேரமில்லை' இன்னும் ஒருபடி மேற்சென்று, பேயைச் சொல்லளவிலே நிறுத்தியது. பகுத்தறிவுப் பரப்புரை தமிழகத்தில் ஓங்கியிருந்த காலத்தின் முத்திரையை இதிற் காணலாம். 1948இல் ஏவி. எம். நிறுவனம் பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைத் தழுவி எடுத்த 'வேதாள உலகம்' வேதாளங்களை உள்ளனவாகவே காட்டிச் சிரிக்க வைத்தது. இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளில் வேதாளம் மகனொருவன் தந்தையின் பணத்தைப் பெறச் சொல்லும் கதையாகச் சுருங்கிவிட்டது.

இப்படங்கள் திரையரங்கை விட்டு நீங்கிய பின்பும் எவ்வாறு நிலைத்தன? இதில் வானொலியின் பங்கு பெரிது. இலங்கை வானொலியின் தமிழ்ச்சேவை திரைப்படப் பாடல்களையும் திரைப்படங்களைச் சுருக்கி ஒலிவடிவில் தரும் ஒலிச்சித்திரங்களையும் ஈழத்திலும் தென்னிந்தியாவிலும் வீடுதோறும் கொண்டு சென்றது. கோயில் திருவிழாவிலும் திருமண வீட்டிலும் ஒலிபெருக்கியிற் படங்களின் கதைவசனம் முழங்கிற்று. நாகேஷ் கதை சொல்லும் காட்சி போன்றவை இவ்வூடகத்துக்கே பிறந்தன போல்வன. பேய் திரையில் இல்லாமையால் வானொலியில் அது குறைவதுமில்லை. கேட்போன் தன் மனத்திற் பாலையாவின் முகத்தை வரைந்துகொள்வான். 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டுப் பட இறக்குமதி அதன் கைக்குச் சென்றபின், இந்தியத் தமிழ்ப் படங்களின் வரவு கட்டுப்பட்டது. வந்த படங்கள் மீண்டும் மீண்டும் ஓடின. எண்பதுகளில் டெக்கும் தொலைக்காட்சிப் பெட்டியும் வாடகைக்குப் பிடித்து முற்றத்தில் ஊரே கூடியிருந்து விடியும்வரை பார்க்கும் வழக்கம் பரவியது. அமெரிக்காவில் 'ஹோகஸ் போகஸ்' என்னும் ஹலோவீன் நகைச்சுவைப் படம் 1993 கோடையில் வெளிவந்து வரவேற்பின்றிப் போய், பின்னர் ஆண்டுதோறும் ஒக்ரோபரிற் தொலைக்காட்சியிற் காட்டப்பட்டுக் காட்டப்பட்டே ஒரு தலைமுறையின் படமாகி, 2022இல் இரண்டாம் பாகமும் கண்டது. இவ்வகைப் படங்களின் நிலைபேறு முதல்நாள் வசூலில் இல்லை. மறுமுறை பார்த்தலில் உள்ளது. அச்சம் ஒருமுறைக்குரியது. எங்கே அஞ்சுவோம் என்பதை முன்னரே அறிந்து அவ்விடத்தை எதிர்நோக்கியிருக்கும் இன்பமே நகைச்சுவையாகின்றது. மறுமுறை பார்ப்பவன் கலிங்கத்துப்பரணியின் பசித்த பேயல்லன். காளியின் பக்கத்தில் நின்று பார்ப்பவன்.

1979இல் வெளிவந்த 'கல்யாணராமன்' ஒரு திருப்பத்தைக் குறிக்கின்றது. ஜி. என். ரங்கராஜன் இயக்கிய இப்படத்திற் கமலஹாசன் இரட்டையராக நடித்தார். சூதறியாத கல்யாணம் வஞ்சகரால் கொல்லப்பட்டு ஆவியாகி, தன் உடன்பிறந்தானாகிய ராமனைத் துணைகொண்டு பழிதீர்க்கின்றான். பேய் மீண்டும் மெய்யாகி விட்டது. ஆனால் அஞ்சத்தக்கதாகவன்று, இரங்கத்தக்கதாக. பேயைக் கண்டு சிரித்த இரசிகன் பேயோடு சேர்ந்து சிரிக்கவும், பின்னர் பேய்க்காக அழவும் இங்கே பழகுகின்றான். இது இந்தியப் படம். இந்தியச் சூழலுக்கென எடுக்கப்பட்டது. ஆயினும் ஈழத்தில் அது பார்க்கப்பட்ட ஆண்டுகள் வேறு ஆண்டுகள். 1983ஐ அடுத்துத் திருகோணமலை மாவட்டம் கலவரம், இடப்பெயர்வு, கைது, காணாமற்போதல் ஆகியவற்றின் நிலமாயிற்று. ஊரடங்கு நிலவிய இரவுகளில் இரண்டாம் காட்சி என்பது பொருளற்ற சொல்லாயிற்று.

தொல்காப்பியர் அச்சத்துக்குக் கூறிய நான்கு களன்களை இங்கே மீண்டும் நினைவுகூர வேண்டும். முன்னைத் தலைமுறையினர் புளியமரத்தடியில் முனிக்கும் கரையோரத்திற் கொள்ளிவாய்ப் பேய்க்கும் அஞ்சி நடந்த அதே பாதையிற் பின்னைத் தலைமுறையினர் சோதனைச் சாவடிக்கு அஞ்சி நடந்தனர். அச்சம் அணங்கை விட்டு இறைக்குப் பெயர்ந்தது. ஆயுதமேந்திய எவரும் இரவில் இறையாகத்தக்க காலம் அது. அணங்கச்சம் தன் கூர்மையை இழந்த அளவுக்கு அதனைக் கண்டு சிரித்தலும் எளிதாயிற்று. சிரிக்க இயலாத அச்சம் ஒன்று வீட்டு வாயிலில் நிற்கையிற் சிரிக்க இயன்ற அச்சத்தை மக்கள் விலைகொடுத்துப் பெற்றனர். இதனைத் தப்பித்தல் என்று மட்டும் கூறுதல் போதாது. அஞ்சுதல், ஒடுங்குதல், பின் விளக்கேற்றிப் பார்த்து ஒன்றுமில்லையெனச் சிரித்தல் என்னும் முழுச் சுற்றும் நிறைவுறும் இடம் அக்காலத்தில் திரை ஒன்றே. வாழ்க்கையில் அச்சுற்றின் மூன்றாம் பகுதி வாய்ப்பதில்லை.

2005 ஏப்பிரல் 14இல் 'சந்திரமுகி' வெளிவந்தது. பாசிலின் மலையாளப் படமாகிய 'மணிச்சித்திரத்தாழ்' (1993) பி. வாசுவால் முதலிற் கன்னடத்திலும் பின்னர் தமிழிலும் தழுவப்பட்டது. சென்னைச் சாந்தி திரையரங்கில் அது எண்ணூறு நாட்களுக்கு மேல் ஓடிற்று. பூட்டிய அறை, அதற்கு அஞ்சும் வடிவேலு, அஞ்சாத மருத்துவர் ரஜினிகாந்த், தன்னை இறந்த நாட்டியக்காரியாக எண்ணும் கங்காவாக ஜோதிகா என அமைந்த அப்படத்திற் பேயென்பது உளநோயின் மறுபெயர். நாகேஷ் பாலையாவுக்குச் செய்ததை ரஜினிகாந்த் வடிவேலுவுக்குச் செய்கின்றார். நகையின் இலக்கணம் மாறவில்லை. ஈழத்தில் அது திரையிடப்பட்டபோது 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலை நான்கு மாதங்கூடக் கடவாத நிகழ்வு. கரையோர மக்கள் பலர் கூடாரங்களிலேயே இருந்தனர். போர்நிறுத்தம் பெயரளவில் நிலைத்திருந்தது. அடுத்த சனவரி 2ஆம் நாள் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டின் நடுப்பகுதிக்குள் மாவட்டத்தின் தென்கரை மீண்டும் போர்க்களமாயிற்று.

பகுத்தறிவு நோக்கிற் 'சந்திரமுகி' தேர்ச்சி பெற்ற படைப்பு. ஆனால் அதனை விடக் கலையழகிற் குறைந்ததும், கூச்சலும் மிகைநடிப்பும் மலிந்ததுமாகிய ஒரு படமே வரலாற்று நோக்கில் முக்கியமானது எனத் தோன்றுகின்றது. ராகவா லோரன்ஸின் 'காஞ்சனா' 2011 யூலையில், இறுதிப் போர் முடிந்து இரண்டாண்டுகளின் பின் வெளிவந்தது. முதற்பாதியில் இரவில் தனித்து வெளியே செல்லவும் அஞ்சித் தாயைத் துணைக்கழைக்கும் ஓர் இளைஞனின் கோமாளித்தனம், பாலையாவின் மரபு. பிற்பாதியில் அவன் உடலில் மூவரின் ஆவி புகுகின்றது. திருநங்கையான காஞ்சனா தான் வளர்த்து மருத்துவராக்கிய பெண்ணுக்கு மருத்துவமனை அமைக்கவென வாங்கிய காணியை அரசியல்வாதி ஒருவன் பறித்துக்கொள்ள, நியாயம் கேட்கச் சென்ற காஞ்சனாவும், அடைக்கலம் தந்த முஸ்லிம் முதியவரும், அவர்தம் மகனும் கொன்று புதைக்கப்படுகின்றனர். சரத்குமார் காஞ்சனாவாக நடித்த அப்பகுதியிற் கொட்டகையின் சிரிப்பு அடங்கி விடுகின்றது. 1964இல் பொய்யாகவும் 2005இல் நோயாகவும் இருந்த பேய் இங்கே வழக்காளியாகி, பறிக்கப்பட்ட காணிக்கும் பதியப்படாத சாவுக்கும் முறையீடு செய்கின்றது. முறையீட்டைக் கேட்கும் மன்று எதுவும் படத்தில் இல்லை. ஆதலாற் பேயே தீர்ப்பையும் நிறைவேற்றுகின்றது.

இம்முடிவை அறிவுக்கொவ்வாதது எனக் குறைகூறுதல் எளிது. ஆனால் அப்படம் வெளிவந்த நாட்களில், 2006இல் சம்பூரை விட்டு வெளியேறிய மக்கள் மாவட்டத்தின் வேறிடங்களிலுள்ள தற்காலிகக் கொட்டில்களில் ஆறாவது மழைக்காலத்தை எதிர்நோக்கியிருந்தனர். அவர்தம் காணிகள் பாதுகாப்பு வலயமாகவும் கைத்தொழில் வலயமாகவும் குறிக்கப்பட்டிருந்தன. அவற்றுட் பல 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே மீள அவர்களைச் சேர்ந்தன.